முன்னே நடந்தவளின் மாடுகள்

எனக்கு வயது எண்பத்தொன்று. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். அந்த நாலு பேரையும் என் மாடுகள் வளர்த்தன. கடைசிப் பிள்ளை தவழ முதலே தகப்பன் போய்விட்டார். அதன் பிறகும் நான் யாருடைய வாசலிலும் பாத்திரத்தோடு நின்றதில்லை. என் வாசலில்தான் பாலுக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். படிப்பு எனக்குக் குறைவு. என் பெயரை எழுதுவேன், கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆகவே நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

இலங்கையில், வன்னியில் ஒரு குளத்துக்குக் கீழே எங்கள் மாட்டுப் பட்டி இருந்தது. ஊரில் எல்லோரும் மாட்டுக்குப் பின்னால் கம்போடு நடப்பார்கள். நான் முன்னால் நடப்பேன். அது பெரிய வித்தை இல்லை. தாய் செத்துப்போன ஒரு கன்றுக்குப் போத்தலில் பால் பருக்கினேன். அது என்னையே தாய் என்று நினைத்துக்கொண்டு, நான் கிணற்றடிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் பின்னால் வந்தது. வளர்ந்து, இடது கொம்பு கண்ணை நோக்கி மடங்கி, பட்டிக்குத் தலைமாடாக ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதற்குப் பின்னால் மற்றவை வரும். "பா, பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தால் போதும். பின்னால் நின்று அடித்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். "மாடு மேய்க்கப் போறாளோ, ஊர்வலம் போறாளோ" என்று சனம் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். என் மாட்டின் முதுகில் ஒரு தழும்பு கிடையாது.

சண்டை எங்கள் குளக்கட்டுக்கு வந்தபோது கன்றுகளின் கயிறுகளை அறுத்துப் பட்டியைத் திறந்துவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கட்டியபடி விட்டுப்போனால் தண்ணீர் இல்லாமல் செத்துவிடும். அவிழ்த்துவிட்ட மாடு என்றால் கைவிட்ட மாடு என்று அர்த்தம் இல்லை. உயிரோடு திரும்பி வந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் அவிழ்ப்பது. மாடு வைத்திருந்த எவருக்கும் இது தெரியும்.

பிள்ளைகளோடு நான் வீதிக்கு ஏறினால் பட்டி முழுக்கப் பின்னால் வருகிறது. நான்தானே முன்னால் நடக்கிறேன். வீதியில் சனம் நெரிந்துகொண்டு போகிறது. "மாட்டைத் திருப்பணை, பிள்ளையள் மிதிபடப் போகுதுகள்" என்று கத்துகிறார்கள். எப்படித் திருப்புவது? பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, அவ்வளவு சனத்துக்கும் எதிராகத் திரும்பி நடந்தேன். மாடுகள் வந்தன. குளத்தடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், அவை தண்ணீரில் வாய் வைத்த நேரம் பார்த்துப் பற்றைக்குள் புகுந்து ஓடிவந்தேன். அதற்குப் பிறகு அவற்றை நான் காணவில்லை.

இப்போது நோர்வேயில், குரோருட் என்ற இடத்தில் என் இளைய மகளின் வீட்டில் இருக்கிறேன். மருமகன் நோயில் கிடந்த காலத்தில் மகள் ஒரு தமிழ் ஜெபக்கூட்டத்தோடு சேர்ந்தாள். மோர்டென்ஸ்ருட்டில் வாடகைக்கு ஒரு மண்டபம் எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். நான் மதம் மாறவில்லை. நெற்றியில் திருநீற்றோடுதான் போவேன், திருநீற்றோடுதான் வருவேன். ஒருவரும் அழிக்கச் சொன்னதில்லை. சொல்லிப் பார்க்கட்டும். ஞாயிறு முழுக்க வீட்டில் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது, அங்கே நாலு சனத்தின் முகம் பார்க்கலாம், மத்தியானம் சோறும் தருவார்கள். அதுதான் நான் போன காரணம்.

போதகர் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனிதர், குளிருக்குக் காதை மூடிய தொப்பியை மண்டபத்துக்குள்ளும் கழற்ற மாட்டார். போன மாரியில், பனி கொட்டிய ஒரு ஞாயிறு, பழைய காலத்து இஸ்ரவேலர் மீதியானியர் என்ற சனத்தோடு சண்டை பிடித்து வென்ற கதையைச் சொன்னார்.

"ஆடு, மாடு, கழுதை எல்லாத்தையும் ஓட்டிட்டு வந்தாங்க. அப்படியே ஆளாளுக்கு அள்ளிக்கல, கவனிங்க. கணக்குப் பார்த்து ரெண்டு பங்காப் பிரிச்சாங்க. சண்டைக்குப் போனவங்களுக்கு ஒரு பங்கு, வீட்டுல இருந்தவங்களுக்கு ஒரு பங்கு. அதுல இருந்து ஆசாரியனுக்கு எடுத்து வச்சாங்க, கூடாரத்துல வேலை செஞ்ச லேவியருக்கும் எடுத்து வச்சாங்க. தேவனுடைய நீதி எவ்வளவு ஒழுங்கு பாருங்க."

எனக்கு மாட்டுக் கதை என்றால் காது தானாக நிமிரும். கேட்டுக்கொண்டு இருந்தேன். ஆளுக்கு ஆள் பங்கு போனது. மாட்டை வளர்த்தவன் பெயர் மட்டும் வரவில்லை.

பிரசங்கம் முடிந்ததும் ஒருவர் சாட்சி சொல்ல எழும்பினார். தங்கள் வாழ்க்கையில் கடவுள் செய்ததைச் சபைக்கு முன்னால் சொல்வதைத்தான் அவர்கள் சாட்சி என்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், சபையில் முக்கியமானவர், ஒலிவாங்கி அவர் கையில்தான் எப்போதும் இருக்கும். அவருடைய மனைவி, என் மகள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அவளுக்கு மேலே இருப்பவள்.

"போதகர் சொல்லேக்கை எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்களுக்கும் கர்த்தர் அப்பிடித் தந்தவர். வன்னியிலை சண்டை ஓய்ஞ்ச ஒரு நாள், நானும் அம்மாவும் ஒரு குளத்தடியாலை வாறம். ஆரும் இல்லாத ஒரு பட்டி நிக்குது. நான் கம்பெடுத்து அடிக்கிறன், முன்னுக்கு நிண்ட கொம்பு மடங்கின மாடு அசையேல்லை. களைச்சுப்போய் அம்மா 'விடு, போவம்' எண்டிட்டு முன்னாலை நடந்தா. என்ன நடந்தது தெரியுமே? அம்மாவுக்குப் பின்னாலை முழுப் பட்டியும் தானா வந்தது. ஆர் ஓட்டினது? கர்த்தர் ஓட்டினவர். அதை வித்துத்தான் நான் நோர்வேக்கு வந்தனான். இன்னும் கன்று போடாத ஒரு நாகு மாட்டை ஆலயத்துக்கும் விட்டனாங்கள்."

மண்டபம் முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. பக்கத்தில் இருந்த மகள் என் கையைப் பிடித்தாள். அவளும் அந்தப் பட்டியின் பாலில் வளர்ந்தவள், அவளுக்கும் விளங்கிவிட்டது. "அம்மா, இஞ்சை வேண்டாம்" என்றாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஆள் அதே ஒலிவாங்கியைப் பிடித்து, அதே சனத்துக்கு முன்னால், அந்த மாடு இந்தக் கிழவியின் மாடு என்று சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் அவருக்கு முன்னால் போய் இருந்தேன்.

"தம்பி, அந்தத் தலைமாட்டின்ரை எந்தக் கொம்பு மடங்கினது?"

"இடது கொம்பு அம்மா. கண்ணுக்குள்ளை குத்திறமாதிரி. ஏன் கேக்கிறியள்?"

"அது கர்த்தருக்குப் பின்னாலை வரேல்லை. முன்னாலை நடக்கிற ஆளுக்குப் பின்னாலை வரும். நான் பழக்கினது."

அவர் கரண்டியை வைத்தார். முகத்தில் இரத்தம் இல்லை. ஆனால் வாய் வேறு சொன்னது. "அந்த நேரம் ஆரின்ரை மாடு ஆரிட்டை எண்டு ஆருக்கம்மா தெரியும்? எல்லாரும் இழந்தனாங்கள்தானே."

"எல்லாரும் இழந்தது சரி. நீர் எடுத்தனீர்."

"நான் அதெல்லாம் கர்த்தரிட்டை அறிக்கை செய்து மன்னிப்புக் கேட்டிட்டன். அவர் மன்னிச்சிட்டார்."

"ஏன், மாடு அவரின்ரையோ?"

பக்கத்து மேசையில் ஒரு பெண் இருமுவது போலச் சிரித்தாள். போதகர் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தார். "அம்மா, இது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ள விஷயம்மா."

"நடுவிலை நான் நிக்கிறன் ஐயா. நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ. பங்கு பிரிச்ச இடத்திலை, மாட்டைப் பறிகுடுத்த சனத்துக்கு என்ன குடுத்தவை?"

போதகர் தொப்பியைச் சரி செய்தார். "அவங்க... அவங்க மிச்சம் இல்லையேம்மா. சண்டையில அழிஞ்சு போயிட்டாங்க."

"அப்ப கேக்க ஆள் இல்லை. சுகமாப் பிரிச்சிருக்கினம். இஞ்சை ஆள் இருக்கு."

வீடு திரும்பும்போது சுரங்க ரயிலில் மகள் என் பக்கம் திரும்பவில்லை. நகரத்தில் வண்டி மாற இறங்கியபோது நடைமேடையில் நின்று சொன்னாள்.

"அந்தாளின்ரை மனிசி என்ரை ஷெஃப், அம்மா. என்ரை வேலை நேரத்தைப் போடுறது அவ." இங்கே மேலதிகாரியை அப்படித்தான் சொல்கிறார்கள்.

"ஷெஃப் எண்டால்? அவளும் என்ரை மாட்டிலை ஏறித்தான் வந்தவள்."

"அந்த மாடு இப்ப உயிரோடையே இருக்கு? செத்து எத்தினை வருசம். உயிரோடை இருக்கிற எனக்குக் கஷ்டம் தாறியள்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் சரியும் இல்லை. மாடு செத்தால் அது யாருடைய மாடு என்பதும் செத்துவிடுமா? வண்டி வந்தது, ஏறினோம்.

அடுத்த ஞாயிறு வருவதற்கு முன், கிழமை நடுவில் ஒரு நாள் அந்த ஆள் தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பெட்டி கேக் கொண்டுவந்தார்கள். பனிச் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, குசினியில் என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

"அம்மா, உள்ளதைச் சொல்லுறன். கன்றுகளின்ரை கழுத்திலை அறுத்த கயிறு கிடந்தது. என்ரை அம்மா அதைக் கண்டவ. 'ஆரோ அவிட்டு விட்டிருக்கினம், வந்தால் தேடுவினம்' எண்டும் சொன்னவ. நான்தான் கேக்கேல்லை."

"தலைமாடு என்ன ஆனது?"

"சந்தியிலை துவக்கோடை நிண்டவை மறிச்சவை. விட வேணுமெண்டால் ஒண்டு தா எண்டினம். முன்னுக்கு நிண்டது அதுதானே. அண்டைக்கே வெட்டினவை."

முன்னுக்கு நிற்கப் பழக்கியது நான். அந்தச் சந்தியில் துப்பாக்கியோடு நின்ற துவக்குக்காரனுக்குக் கைக்கு எட்டியது அதுதான். துவக்குக்காரனுக்கு ஒரு பங்கு, வியாபாரிக்கு ஒரு பங்கு, ஆலயத்துக்கு ஒரு பங்கு, மிச்சம் நோர்வேக்கு. போதகர் சொன்ன ஒழுங்கு ஒன்றும் பழைய காலத்தோடு முடியவில்லை.

"இதை ஞாயிற்றுக்கிழமை அங்கை சொல்லும்" என்றேன்.

"உங்கடை காலிலை விழுறன் அம்மா. இஞ்சை வைச்சு எவ்வளவு மன்னிப்பும் கேக்கிறன்."

"குசினிக்குள்ளை சொன்னால் சட்டி பானைதான் கேக்கும். நீர் அங்கை சொன்னனீர், அங்கை சொல்லும்."

அவருடைய மனைவி என் மகளைப் பார்த்தாள். என் மகள் கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தாள், ஒருவரும் தின்னவில்லை. போகும்போது அவர், "சரி அம்மா, சொல்லுறன்" என்றார்.

சொன்னார். சொல்லவில்லை என்று நான் பழி போட மாட்டேன். அந்த ஞாயிறு நல்ல சேலை உடுத்திக்கொண்டு போய் முன் வரிசையில் இருந்தேன். அவர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"போன கிழமை நான் சொன்ன மாடுகளின்ரை சொந்தக்காரி இண்டைக்கு எங்களோடை இருக்கிறா."

சனம் திரும்பிப் பார்த்தது. நான் நிமிர்ந்து இருந்தேன். இத்தனை வருசமும் அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் சாகாமல் இருந்தேனோ என்றுகூட நினைத்தேன். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கர்த்தரின்ரை திட்டத்தைப் பாருங்கோ. அவரை அறியாத ஒரு தாயைக் கொண்டு, எங்களுக்கெண்டு ஒரு பட்டியை வளர்ப்பிச்சார். ஆளுக்குப் பின்னாலை வரப் பழக்குவிச்சார். அந்த அம்மா தெரியாமலே எங்களுக்காகப் பாடுபட்டவ. இப்ப அவவையே எங்கடை சபைக்குக் கொண்டந்து விட்டிருக்கிறார்."

மண்டபம் கைதட்டியது. போன கிழமையைவிடப் பெரிய "ஸ்தோத்திரம்". பெண்கள் வரிசை வரிசையாக வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்கள். "நீங்கள் பாக்கியசாலி அம்மா" என்றார்கள். ஒருத்தி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் எழும்பி, "நான் ஒருத்தருக்காகவும் வளர்க்கேல்லை. என்ரை பிள்ளையளுக்கு வளர்த்தனான். எடுத்தது களவு" என்று சொன்னேன். உரத்துத்தான் சொன்னேன். ஆனால் பாட்டுத் தொடங்கிவிட்டது, மேளமும் சேர்ந்துகொண்டது, என்னைக் கட்டிப் பிடித்திருந்தவளுக்கே கேட்கவில்லை. கிழவி நன்றியில் ஏதோ புலம்புகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டாள்.

மகளைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டு இருந்தாள். துக்கத்தில் இல்லை, சண்டை வராமல் முடிந்த நிம்மதியில். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மேடைக்கு ஏறி ஒலிவாங்கியைப் பிடுங்க எனக்குக் கால் வரவில்லை. மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே பனியில் நின்றேன்.

முதல் தரம் மாட்டை எடுத்தார்கள். இரண்டாம் தரம் நான் அதை வளர்த்த காரணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மாடு போனபோது இவ்வளவு கசக்கவில்லை. அப்போது என்னுடையது என்றாவது இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. மகள் போகிறாள், அது அவளுடைய விருப்பம். அவளுடைய வேலைக்கும் ஒரு குறை வரவில்லை. அந்த மனைவி என்னைக் கண்டால் குனிந்து வணக்கம் சொல்கிறாள். சபையில் இப்போது புதிதாக வருகிறவர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்கிறார்களாம், நானும் அதில் வருகிறேனாம். நான் செத்த பிறகும் சொல்வார்கள். அதற்கு மேளம் இருக்கிறது, ஒலிவாங்கி இருக்கிறது. எனக்கு இருப்பது இந்தக் கடதாசி. இதில் நான் சொன்னபடிதான் இருக்க வேண்டும்: என் மாடுகள், என் பிள்ளைகளுக்காக வளர்த்தவை, எடுத்தது களவு.

எழுதி முடித்துவிட்டாயா பிள்ளை? எங்கே, தொடக்கத்திலிருந்து ஒருதரம் வாசி. நீயாக ஏதும் இனிப்பாகச் சேர்த்திருக்கிறாயோ என்று நான் கேட்க வேண்டும்.