தியோடர் துலக்கிய டாலர்கள்

அல்சூர் ஏரிப் பக்கம் இருந்த ஒரு ராணுவ மெஸ்ஸில் தியோடருக்கு வெள்ளிச் சாமான் துலக்குகிற வேலை. சீமைச் சுண்ணாம்புப் பொடியை ஸ்பிரிட்டில் குழைத்து, பழைய ஃபிளானல் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். கரண்டியில் முகம் தெரிந்தால்தான் கீழே வைப்பார்.

சீனச் சண்டைக்குப் போன சிப்பாய்கள் 1901-இல் திரும்பி வந்தபோது பலருடைய பையில் வெள்ளி டாலர்கள் இருந்தன. கழுகு பாம்பைக் கவ்வியிருக்கும் மெக்சிகோ டாலர், சூலம் ஏந்திய பெண் நிற்கும் பிரிட்டிஷ் டாலர், அபூர்வமாக ஒன்றிரண்டு அமெரிக்க டாலர். பெங்களூர்க் கடைகளில் அவை செல்லாது. தியோடர் ஒன்றரை ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கினார். கையில் வைத்ததும் விட மனம் வரவில்லை. முப்பது வருடத்தில் நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டது.

"பழைய காசுக்கு சீமையில வெலை ஏறிக்கினே போவுதாம்" என்று மனைவி பெர்னதெத்திடம் சொன்னார். அவர்கள் இருந்தது மெஸ்ஸுக்குப் பின்னால் கொடுத்திருந்த குடியிருப்பில். வேலை போனால் அதுவும் போய்விடும். டாலர்களை விற்று ஜோகுபாளையத்தில் ஒரு சின்ன வீடு வாங்குவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லாத அவர்களுக்கு அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதே பொழுதுபோக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் டாலர்களைப் பரப்பிவைத்துத் துலக்குவார். சில காசுகளில் சீன வியாபாரிகள் குத்திய குட்டி முத்திரைகள் இருந்தன. அவற்றைக் காயம் என்று நினைத்து, மங்கும்வரை தேய்த்தார்.

1932-இல் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தபோது, டாலர்களைத் துணியில் முடிந்துகொண்டு காக்ஸ் டவுனுக்குப் போனார். அங்கே டென்சில் என்ற ஓய்வுபெற்ற தந்தி இன்ஸ்பெக்டர் இருந்தார். பழங்காசுகளுக்கு விலை சொல்லத் தெரிந்தவர்.

டென்சில் முதல் காசை ஜன்னலோரம் கொண்டுபோய் லென்ஸில் பார்த்தார். இரண்டாவதையும் பார்த்தார். ஐந்தாவது காசுக்கு லென்ஸை எடுக்கவே இல்லை.

"இதெல்லாம் யார் தேச்சது மேன்?"

"நான்தான் சார். வாரா வாரம். வேற யார் கையும் பட்டதில்ல."

டென்சில் கண்ணாடியைக் கழற்றினார். "பழைய காசு மேல ஒரு கருப்பு இருக்கும். அதுக்குத்தான் மேன் வெலை. நீ தோலையே உரிச்சிட்ட. இந்த லேடிக்கு மூக்கு எங்க?" ஓர் அமெரிக்க டாலரைத் தனியே எடுத்தார். "இது நல்ல வருஷம். கொஞ்சம்தான் அடிச்சாங்க. அப்படியே விட்டிருந்தா..."

"இப்ப இன்னா வரும் சார்?"

"வெள்ளி எடைக்குப் போகும். வெள்ளியும் இப்ப படுத்துக் கெடக்கு."

"மறுபடி கருப்பாக்க முடியாதுங்களா?"

டென்சில் டீ வரவழைத்தார். தியோடர் அதை மரியாதைக்காகக் குடித்தார்.

வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னார். "பளபளன்னு வெச்சிருந்தது எப்படிங்க குத்தமாவும்?" என்றாள் பெர்னதெத்.

அதற்குப் பிறகு மெஸ்ஸிலும் கை ஓடவில்லை. கோப்பையை எடுத்தால், இதுவும் தேய்கிறதே என்று பாதியில் நிறுத்திவிடுவார். முள்கரண்டிகள் மங்கலாக மேசைக்குப் போயின. இரண்டு தடவை எச்சரித்தார்கள். மூன்றாவது தடவை, ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போதே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். இருவரும் ஜீவனஹள்ளியில் ஒற்றை அறையில் வாடகைக்குப் போனார்கள்.

அங்கே தியோடர் அந்தத் துணிமுடிச்சைத் தொடவே இல்லை. டாலர்கள் கருத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் பெர்னதெத் புளியும் சாம்பலும் போட்டு அத்தனையையும் தேய்த்து, தட்டில் அடுக்கிவைத்தாள்.

"பாருங்க, பழையபடி ஆயிடுச்சு."

அவர் தட்டைப் பார்த்தார். அவள் விரல் நுனிகள் சிவந்து வெடித்திருந்தன.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தான் ஏதோ தப்பு செய்துவிட்டது அவளுக்குப் புரிந்தது. என்ன தப்பு என்று தெரியாமலே டாலர்களைத் திரும்பத் துணியில் முடிந்துவைத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டித் தியோடர் இறந்துபோனார். பெர்னதெத் டாலர்களைக் கண்டோன்மென்டில் ஒரு வெள்ளிக் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் எந்தக் காசையும் திருப்பிப் பார்க்காமல் மொத்தமாகத் தராசில் கொட்டினார். கிடைத்தது ஒரு வருட வாடகைக்கு ஆயிற்று. அதற்கப்புறம் அவள் அறையைக் காலி செய்துவிட்டு, சந்தாபுராவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே அவளை யாரும் எதிர்பார்க்கவில்லை.