கருப்பட்டி போட்ட காணம்

மாப்பிள்ளை வீட்டில் குதிரை இருக்கிறது என்றுதான் பெண் கேட்டு வந்தவர்கள் முதலில் சொன்னார்கள். மாப்பிள்ளையைப் பற்றி அப்புறம்தான் பேச்சு வந்தது. ஆரல்வாய்மொழியில் எங்கள் தெருப் பெண்களுக்கு என்மேல் ஒரே பொறாமை. குதிரை வீட்டுக்குப் போகிறாள், இனி இவள் காலில் மண் படுமா என்றார்கள். மண் படவில்லை, வாஸ்தவம்தான். லத்தி பட்டது. குதிரைச் சாணத்துக்கு லத்தி என்று பெயர் என்பதே அங்கே போய்த்தான் எனக்குத் தெரியும்.

தக்கலையிலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில் அந்த வீடு இருந்தது. என் வீட்டுக்காரருக்கு மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மேற்பார்வை வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பஸ் வந்துவிட்டது என்றாலும் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். அதற்குமேல் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கக் குதிரைதான். வீட்டில் அவர், அவர் அம்மாவான என் மாமி, நான். மாமா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மண்சுவர். தினமும் அந்தச் சுவருக்கு வெளியே போய்வந்தது இரண்டே பேர், அவரும் குதிரையும். மாமியும் நானும் கிணற்றுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தோம்.

எனக்கு அந்த அடுக்களை பிடிக்கவே இல்லை. ஜன்னல் என்ற பெயரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்தவளுக்கு அந்தப் புகையில் மூச்சுத் திணறியது. ஆனால் பின்பக்கம் குதிரையைக் கட்டுகிற கொட்டில், குதிரைப்புரை, இருந்தது. அங்கே சுவர் ஓரிடத்தில் இடிந்து, அந்த இடிசல் வழியாக ரோடும் ஒரு துண்டு மலையும் தெரியும். அந்தத் துண்டு மலைக்காகவே குதிரை வேலை எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்போது குதிரைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தது மாமி.

கொள்ளுக்கு எங்கள் பக்கம் காணம் என்று பெயர். ராத்திரியே ஊறப்போட்டு, விடியலில் அவித்து, ஆறவைத்து வைக்க வேண்டும். நான் ஒரு காரியம் செய்தேன். உறியில் தொங்கிய பானையில் இருக்கும் கருப்பட்டி வட்டில் நெல்லிக்காய் அளவு உடைத்து எடுத்து முந்தியில் முடிந்துகொள்வேன். மாமிக்குக் கை ஒத்தாசை செய்கிற சாக்கில் கடைசிப் பிடிக் காணத்தை நான் நீட்டுவேன், கருப்பட்டியை உள்ளே பொதிந்து. செம்மண் நிறப் பெண் குதிரை அது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ரொம்ப விவரமானது. மூன்றே மாதத்தில் என் கையைத் தவிர வேறு கையில் காணம் தின்ன மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. மாமி வைத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

“ஒனக்குத்தான் இது வசப்படுகு. நீயே பாத்துக்கோ மக்கா” என்று மாமி ஒதுங்கிக்கொண்டாள். அடுக்களையிலிருந்து பாதி நேரம் தப்பித்தாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வேலைகளில் சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தேங்காய் உரித்த கதம்பையால் முதுகைத் தேய்த்துவிட்டால் தோல் சிலிர்த்து நடுங்கும். குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கக் காலைத் தூக்கச் சொன்னால் தானே தூக்கும். மழைக்காலக் காலைகளில் அதன் மூச்சு என் கழுத்தில் சூடாகப் படும். பிடரி மயிரைப் பின்னிவிட்டபடி ஊர்க்கதை எல்லாம் அதனிடம் சொல்வேன். லத்தியை அள்ளித் தென்னை மூட்டில் கொட்டும்போதுகூட அந்த இடிசல் வழியாக மலையைப் பார்த்துக்கொள்வேன். மாமி கருப்பட்டிப் பானையை இறக்கும்போதெல்லாம், “இந்த வருசம் எறும்பு கூடுதலுதான்” என்பாள். பானையை மட்டும் இடம் மாற்ற மாட்டாள்.

நான் செய்த வேலையின் லட்சணம் ஆடி மாதம் அம்மா வீட்டிலிருந்து அழைக்க வந்தபோதுதான் விளங்கியது. நீ போனால் குதிரைக்கு யார் காணம் வைப்பது என்றார் அவர். தைக்கு வந்தார்கள், அப்போதும் குதிரை. ஒன்றரை வருஷம் நான் அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தூங்கவில்லை. காலையில் போய் மாலையில் வர முடியுமா, இருபது மைல்! குதிரையைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். என்னைக் குதிரையில் கட்டியிருந்தார்கள். முடிச்சைப் போட்டது நானேதான், அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை.

பிறகு உண்டானேன். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். எட்டில் அனுப்ப மாட்டார்கள். ஒன்பதில் மாட்டுவண்டி ஆட்டத்தைத் தாங்க முடியாது. ஏழை விட்டால் அந்த வீட்டு அறைப்புரையில்தான் பெற வேண்டும். நெல்லும் புளியும் போட்டு வைக்கிற இருட்டு அறை அது. மாமி அங்கே மூன்று பெற்று, மிஞ்சியது அவர் ஒருவர்தான். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே பார்க்காமல் ஓட்டமாக நடப்பேன். எனக்கு என் அம்மா வேண்டும், அவ்வளவுதான்.

ஏழாம் மாதப் பாதியில் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். “குதிரை வேற கையில தின்னட்டும் மாமா, உடனே கூட்டிட்டுப் போங்க” என்றார் அவர். இரண்டு நாள் பார்க்கலாம் என்று முடிவானது. என்னை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். மாமி வைத்தாள், அவர் வைத்தார், அப்பாகூடத் தலையைத் தடவி வைத்துப் பார்த்தார். புல்லைக் கொஞ்சம் கடித்ததே தவிர, காணத்தைத் தொடவில்லை. காணம் தின்னாத குதிரை மலை ஏறாது. இரண்டாம் நாள் மாலை அதன் விலா தெரிந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குத் தெரியும். ஆனால் எப்படிச் சொல்வேன்? அடுக்களைப் பானையில் கைவைத்த மருமகள் என்று அப்பாவின் முன்னால் பெயர் வாங்கவா? அப்பா, “மாசம் முடிய இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு, சொல்லி விடுங்க, வாறேன்” என்று சொல்லி, வெறும் வண்டியோடு திரும்பினார். நான் குதிரைப்புரைக்குப் போய் அதன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதேன். அது என் முந்தியை மோந்தது.

குதிரை தேறட்டும் என்று அந்த வாரம் அவர் நடந்தே எஸ்டேட்டுக்குப் போனார். சந்தையிலிருந்து காணம் வருவது குதிரை முதுகில்தான். ஆகவே ஐந்தாம் நாள் காணம் தீர்ந்துவிட்டது, காணப் பானையின் அடியில் ஒரு பிடி மிச்சம். எஸ்டேட்டுக்குப் போகிற வண்டிக்காரர் ஒருவரை மாமி சுவர் இடிசல் வழியாக எட்டிப் பார்த்துக் கூப்பிட்டு, “குதிரைக்குக் காணம்! காணம் வாங்கிட்டு வரச் சொல்லும்!” என்று கத்தினாள். சக்கரச் சத்தத்தில் அந்த மனுஷர் காதில் எது விழுந்ததோ! தேடி அகப்படாததையும் எங்கள் ஊரில் காணம் என்றுதான் சொல்வோம். ஆறு மைல் போய் இவரிடம் அந்த வண்டிக்காரர் சொன்னது, “உம்ம வீட்டுக் குதிரையக் காணமாம்!”

மத்தியான வெயிலில் இவர் ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை, முழங்காலில் ரத்தம். நான் பயந்துபோய் வாசலுக்கு வந்தேன். ஏழு மாத வயிற்றோடு நிற்கிற என்னை விலக்கிவிட்டு நேரே குதிரைப்புரைக்கு ஓடினார். அதைக் கண்டதும் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளைபோல் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“என்னைக் காணம்னு சொல்லி விட்டிருந்தா இப்பிடி ஓடி வந்திருப்பியளா?” என்று கேட்டேன்.

“இது என்ன பேச்சு?” என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

நான் அடுக்களைக்குப் போய் உறியிலிருந்து பானையை இறக்கி அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். “இதப் போட்டுத்தான் அது எங்கையில தின்னுகு. கருப்பட்டி. வந்த வருசத்துல இருந்தே எடுக்கேன். நான் கள்ளிதான். இனி யாரு வேணும்னாலும் வைங்க, என்னை அனுப்புங்க!”

மாமி மெதுவாக வந்து என் கையிலிருந்த பானையை வாங்கினாள். ஒரு துண்டைக் கல்லில் நுணுக்கி, மிச்சமிருந்த ஒரு பிடிக் காணத்தில் பிசைந்து நீட்டினாள். குதிரை தின்றது. தின்றுவிட்டு அவள் மணிக்கட்டை நக்கியது.

“எனக்கு எப்பவே தெரியும்” என்றாள் மாமி. “எறும்பு வட்டு வட்டாவா தின்னும்?”

“தெரிஞ்சா சொல்லப்பிடாதா அம்மா?” என்று அவர் கத்தினார். “அவ அப்பா ரெண்டு நாள் காத்துக் கெடந்தாரே!”

மாமி குதிரையைப் பார்த்தபடியே சொன்னாள். “நீயும் இதும் வெளுக்கும் முன்ன போயிருவிய. இவளும் போயிட்டா, நான் யாருகூட இருக்க?”

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அறைப்புரை வாசலுக்குப் பயந்து நான் ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தும் சும்மா இருந்திருக்கிறாள். பொறுக்க முடியவில்லை. அப்பா மறுபடி வருகிறவரை நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அப்பா வந்தார். நான் புறப்பட்டபோது குதிரை என் வீட்டுக்காரர் கையில் காணம் தின்றுகொண்டிருந்தது, தலையை நிமிர்த்தவே இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மாமி ஒரு ஓலைப்பொதியை என் மடியில் வைத்தாள்.

“கருப்பட்டி. பேறுகால மருந்துக்கு ஆவும்” என்றாள். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். “வந்திருவியா மக்கா?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீம்பு. மருந்துக்குத்தானே, வீட்டுக்குப் போகும்வரை பிரிக்கவே கூடாது என்று பொதியை ஓரமாகத் தள்ளி வைத்தேன். தோவாளை வருமுன்னே பிரித்துவிட்டேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒன்றுபோல உடைத்து அடுக்கியிருந்தாள். ஒன்றை வாயில் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது, குதிரைக்கு நான் செய்ததை மாமி எனக்குச் செய்திருக்கிறாள். துப்பிவிடலாம் என்று நினைத்தேன். துப்பவில்லை.

அம்மா வீட்டில், காற்று அடிக்கிற அறையில், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. தொண்ணூறு நாள் ஆனதும் வண்டி பிடிக்கச் சொன்னேன். அவர் வீட்டிலிருந்து அழைக்க ஆள் வரட்டுமே, அதற்குள் என்னட்டீ அவசரம் என்று அம்மா முகம் சுண்டிக் கேட்டாள்.

“அங்க மாமி தனியா இருக்காவம்மா” என்றேன்.