நான் பெயர் வைத்த நாய்

2008 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, றோஸ்மேரி மாமி வெள்ளாங்குளத்தை விட்டு வெளிக்கிட்டார். ஷெல் கிட்ட விழத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டாரின் உழவு இயந்திரப் பெட்டியில் பதினெட்டுப் பேர். நாய்க்கு இடமில்லை. பின்னால் ஓடிவந்த நாயைப் பார்த்து மாமி, "ஜிம்மி, இரு" என்றார். அது வேலிப் படலையடியில் இருந்துவிட்டது.

"கல்லால எறிஞ்சிருந்தாலும் வந்திருக்கும். பேர் சொல்லிச் சொன்னதால இருந்திட்டுது" என்று நான்கு வருடம் கழித்து என்னிடம் சொன்னார்.

மாமி என் அம்மாவின் அண்ணன் மனைவி. மாமா இறந்து கனகாலம். ஒரே மகள் ஜூலியட் 2006இல் படகேறி இந்தியா போய், திருச்சி முகாமில் கலியாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டாள். 2010இல் திரும்பி வந்த மாமி றோட்டோரத்தில் தகரக் கொட்டில் ஒன்றில் தேத்தண்ணிக் கடை போட்டார். நாய்கள் வரும், சாப்பாடு வைப்பார். ஒன்றுக்கும் பெயரில்லை. "இஞ்ச வா", "அங்கால போ", அவ்வளவுதான்.

2012இல் பன்னிரண்டு நாள் நான் அங்கே தங்கி நின்றேன். கடை வாங்குப் பலகைக்குக் கீழே ஒரு பெட்டை நாய்க்குட்டி கிடந்தது. "பேரில்லாமல் ஒரு உயிரை வளர்க்கலாமா மாமி?" என்று கேட்டேன். அப்போதுதான் ஜிம்மியின் கதையைச் சொன்னார். நான் போனில் பெயர்ப்பட்டியல் தேடிக்கொண்டே கேட்டேன்.

"அது சண்டைக்காலம் மாமி. எல்லாம் முடிஞ்சுது."

இதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"லூனா?"

"மருந்துக்கடையில கேக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஒஸ்கார்?"

"அடி விசரி, அது பெட்டை."

குட்டி வறுத்த கச்சான் கடலையின் நிறம். "கச்சான்!" என்றேன். குட்டி வாலை ஆட்டியது.

"பஸ்சில கச்சான் விக்கிறவன் கத்தினாலும் ஓடிப்போகுமே?" என்று மாமி சிரித்தார். பிறகு, "பேர் வைக்கிறவள்தான் ஞானத்தாய். நான் எங்கையும் போகவேண்டி வந்தால் நீதான் வந்து நிக்கோணும், தெரியுமோ?" என்றார்.

"ஓம் மாமி. எழுதித் தரட்டே?"

2014 தையில் மாமி அழைத்தபோது நான் நேபாளத்தில் இருந்தேன். ஜூலியட்டுக்குத் தலைப்பிள்ளை, பங்குனியில் பிறக்கும் என்றார். இந்தியா போக விசா கிடைத்துவிட்டதாம்.

"மூண்டு மாதம்தான் பிள்ளை, வந்து நில்லன். சாப்பாடு வைக்க ஆள் இருக்கு. ஆனா அது வேற ஆக்களோட நிக்காது. படலையைப் பாத்துக்கொண்டு கிடக்கும். திரும்ப ஒருக்கா 'இரு' எண்டு சொல்லிப்போட்டு என்னால போகேலாது."

"பாக்கிறன் மாமி" என்றேன்.

எனக்கு அங்கே வேலை எதுவும் இருக்கவில்லை. மலையேறப் போகும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருந்தேன். அடுத்த முறை மாமியின் பெயர் திரையில் வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த நாளும். நான்காம் நாள் அழைப்பு வரவில்லை.

மாமி போகவில்லை. ஜூலியட் திருச்சி ஆஸ்பத்திரியில் தாய் இல்லாமல் பெற்றாள். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

2017இல் மன்னாருக்குத் திரும்பி, தாழ்வுபாட்டில் வாடகைக்கு அறை எடுத்தேன். வெள்ளாங்குளத்துக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். இரண்டு முறை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினேன். மாமி ஏசினால் தாங்கலாம். தேத்தண்ணி தந்து, "சுகமோ பிள்ளை?" என்று கேட்டால் என்ன செய்வது?

அந்த வருடம் மார்கழியில் மாமியின் குரலில் ஒரு வட்ஸ்அப் பதிவு வந்தது. பின்னால் குட்டிகள் முனகும் சத்தம்.

"பிள்ளை, நீ வந்து நிக்கிறாய் எண்டு கொம்மா சொன்னவ. கச்சான் நாலு குட்டி போட்டிருக்கு. நாலுக்கும் பேர் வைச்சிட்டன், நானே. உன்னைக் கேக்கேல்லை."