மலை வலக்கைப் பக்கமே இருக்கட்டும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் யாரோ ஊறுகாய் போடுவது எப்படி என்று எழுதியிருந்தார்களே, பார்த்தீர்களா? அது என் இடம்! "எங்கே ஐயா தொலைந்தீர்?" என்று கேட்ட அன்பர்களுக்குப் பதில் — தொலையவில்லை, நடந்துகொண்டிருந்தேன். கொல்லிமலையை ஒரு சுற்று.

ஏறினேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். சுற்றினேன். ஆடியில் காரவள்ளியிலிருந்து புறப்பட்டு, அடிவாரத்தோடு அடிவாரமாக மலையை முழுக்க வலம் வந்து, மறுபடி காரவள்ளியிலேயே வந்து நிற்பது. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் சிலர் வேண்டிக்கொண்டு இப்படி நடக்கிறார்கள். மேலே அறப்பளீஸ்வரர் இருக்கிறார் அல்லவா? அவர்களுக்கு மலையே சாமி.

எனக்கு வேண்டுதல் ஒன்றும் கிடையாது. பத்திக்கு விஷயம் வேண்டும், அவ்வளவுதான். யுத்த காலத்தில் பெட்ரோலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கால் இருந்தது, கிளம்பிவிட்டேன்.

கூட்டத்தை நடத்திப் போன பூசாரி புறப்படும்போதே சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டார். மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கணும். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பேசுவதற்குக்கூடத் திரும்பக் கூடாது. ஒரு தடவை திரும்பி மலையை இடக்கைப் பக்கம் விட்டால் நடந்த நடையெல்லாம் வீண். மறு வருஷம் முதலிலிருந்து நடக்க வேண்டியதுதான்.

"யாரையும் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாதுங்க," என்று கடைசியாக ஒன்றைச் சேர்த்தார்.

கூட்டத்தில் பழனியம்மாள் என்று ஒரு அம்மாள். முப்பது வயசு இருக்கும். வெடுக்கென்ற பேச்சு. அவர் கணவர் செங்கோடன், காய்ந்த சோளத்தட்டு மாதிரி மெலிந்த மனுஷர். ஆண்கள் வரிசையில் எனக்குப் பின்னால் அவர்தான் கடைசி ஆள்.

"மலை மேல பெரக்கரை நாட்டுக்கு மெளகு வாங்கப் போனாருங்க. காய்ச்சலோட எறங்கி வந்தாரு. ஆளு பொழைக்க மாட்டாருன்னுட்டாங்க," என்றார் பழனியம்மாள். முதல் நாள் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னது இது. "கொயினா மாத்திரையும் குடுத்தேன், மலையச் சுத்தி வாரோமுன்னு வேண்டிக்கவும் வேண்டிக்கிட்டேன். ரெண்டு பேரும் சேந்து சுத்தோணும். சுத்தாமப் போனா காய்ச்சல் திரும்பி வந்துருமுங்க."

வந்துவிடுமா? எனக்குத் தெரியாது. ஆனால் மலைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் என்பது டாக்டர்களே சொல்வதுதானே! அந்த அம்மாளின் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் உச்சிவேளை. ஓர் ஓடைக்கரையில் புளியமரத்தடியில் கூட்டம் நின்றது. எல்லோரும் மலையை வலக்கைப் பக்கம் வைத்தபடியே உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவன் நான்.

"எங்கூட்டுக்காரரு எங்கீங்க?" என்றார் பழனியம்மாள்.

எனக்குப் பின்னால்தானே வந்தார்! எப்போது நின்றார், எங்கே விழுந்தார்... யாருக்குத் தெரியும்? யாரும்தான் திரும்பிப் பார்ப்பதில்லையே! காத்திருந்தோம். ஆள் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"நீ போகாதே புள்ள. திரும்புனா எல்லாம் போச்சு. அவரா வருவாரு," என்றார் பூசாரி.

போகாவிட்டால் புருஷன் வெயிலில் கிடப்பான். போனாலோ காய்ச்சல் திரும்பி வரும். என்ன செய்வாள் ஒரு பெண்? நான் எழுந்தேன். "எனக்குத்தான் வேண்டுதல் இல்லையே. நான் போய் அழைத்து வருகிறேன்," என்றேன்.

"நீங்க கூப்புட்டா எந்திரிக்க மாட்டாருங்க. நான் சொன்னாத்தான் எந்திரிப்பாரு," என்றார் பழனியம்மாள். சேலையை இழுத்துச் செருகினார். பாதையில் வந்து நின்றார், முகம் முன்னோக்கி, மலை வலக்கைப் பக்கம். அப்படியே ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. இன்னோர் அடி...

பின்பக்கமாகவே நடக்கிறார்!

"ஏம்மா, இது என்ன கூத்து?" என்றேன்.

"எங்க தோட்டத்துக் கெணத்துல கவலை எறைக்கிற மாடு தண்ணிச் சாலை உள்ள எறக்கறதுக்குத் தெனமும் பின்னாலதானுங்க நடக்குது. மாடு நடக்குது, நான் நடக்க மாட்டனா? மலை எந்தக் கைப்பக்கம் இருக்குது, சொல்லுங்க."

வலக்கைப் பக்கம்தான் இருந்தது.

நான் திரும்பி நின்று அவருக்குக் கண்ணானேன். "கல் இருக்கும்மா... இப்படி ஒதுங்குங்க... பள்ளம், பள்ளம்!" இரண்டு தடவை விழுந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. "போதும், திரும்பிடுங்கம்மா," என்று கெஞ்சினேன். சட்டென்று கோபம் வந்துவிட்டது அவருக்கு. "பாதையச் சொல்லுங்க. புத்தி சொல்லாதீங்க!"

ஒரு மைலாவது இருக்கும். ஒரு வேலமரத்து நிழலில் செங்கோடன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இருக்காரும்மா!" என்று கத்தினேன்.

"நடுங்கறாருங்களா?" பழனியம்மாளின் குரல்தான் நடுங்கியது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறார், திரும்பிப் பார்க்க முடியவில்லை! கையைப் பின்னால் நீட்டித் துழாவினார். நான் அந்தக் கையைப் பிடித்துச் செங்கோடன் நெற்றியில் வைத்தேன்.

சுடவில்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம், அவ்வளவுதான். பழனியம்மாள் முகத்தைத் திருப்பாமல் நின்றபடியே அழுதார்.

அழுகை முடிந்ததும் வசவு ஆரம்பித்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு கொரலு குடுத்திருந்தா என்னவாம்?"

"கூப்புட்டா நீ திரும்பிருவயே புள்ள," என்றார் செங்கோடன்.

பழனியம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந்திரிங்க" என்றார். செங்கோடன் எழுந்தார்! "இனிமே எனக்கு முன்னால நடங்க. பூசாரி என்ன சொன்னாலுஞ் சரி, என்ற கண்ணுலயே இருக்கோணும்."

அன்று நடந்தார்கள். மறுநாளும் நடந்தார்கள். அவர் நொண்டினால் இவர் நிற்பார். அவர் உட்கார்ந்தால் இவர் அதட்டுவார். காரவள்ளிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் தேங்காய் உடைத்து முடித்திருந்தார்கள். பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டவில்லை.

"உள்ளதச் சொல்லோணும். இவ திரும்புனாளா?" என்று செங்கோடனைக் கேட்டார்.

"இல்லீங்க. வந்தப்ப நான் பாத்ததே அவ முதுகத்தானுங்க."

பூசாரி இருவர் நெற்றியிலும் திருநீறு பூசினார். என் பக்கம் திரும்பி, "உங்க நடை கணக்குல சேராதுங்க. அடுத்த ஆடிக்கு வாங்க," என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். போகத்தான் போகிறேன்.

வீட்டுக்கு வந்து கொப்புளம் வந்த காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே என் மனைவியிடம் கதையெல்லாம் சொன்னேன். "நான் வழியில் உட்கார்ந்துவிட்டால் நீ அப்படி வருவாயா?" என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும். நீங்கள் என்னைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருப்பீர்களா?" என்று கேட்டாள்.