சூசையப்பனின் செல்லக்குழி

என் வீட்டுக்காரர் சூசையப்பனைப் பற்றி ஏலப்பாறை பஜாரில் யாரிடம் கேட்டாலும் பெரிய ஆட்டக்காரர் என்பார்கள். என்ன ஆட்டம் என்றால் மேசை ஆட்டம். பச்சைத் துணி விரித்த மேசையில், கம்பு நுனியால் பந்தை இடித்து மூலைக்குழியில் தள்ளுகிற ஆட்டம். வெள்ளைக்காரன் விட்டுப்போனது. போகும்போது நல்ல ரோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, இந்த மேசையை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு வாய்த்த சக்களத்தி அதுதான்.

துரைமார் கிளப்பை மூடியபோது கம்பத்துக்காரர் பாண்டித்துரை முதலாளி அந்த மேசையை வாங்கி, தன் பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் இறக்கினார். அதே சமயத்தில்தான் நாங்கள் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தையும் பூட்டினார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தில் பாதிப்பேர் திருப்பூருக்குப் போனார்கள். நான் சக்குபள்ளத்துக்கு ஏலக்காய் எடுக்க ஜீப்பில் தொங்கிக்கொண்டு போனேன். இவர் மட்டும் கொட்டகைக்குப் போனார், மார்க்கராக. பந்தை எடுத்து அடுக்கவேண்டும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று பலகையில் எழுதவேண்டும், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லவேண்டும். சம்பளம் கம்மி, கௌரவம் ஜாஸ்தி. கௌரவத்தை உலையில் போட்டுக் கஞ்சி காய்ச்ச முடியுமா என்று நான் கேட்டதுண்டு.

கொட்டகைக்கு ஒரு சட்டம் இருந்தது. செருப்பை வெளியே கழற்றவேண்டும். வாசலில் இருக்கும் உப்புச் சட்டியில் இருந்து எடுத்துத் தேய்த்து, காலில் ஏறிய அட்டையை உதிர்த்துவிட்டு உள்ளே போகவேண்டும். ஒருவன் கம்பைப் பிடித்துக் குனிந்துவிட்டால் மற்றவன் தும்மக்கூடாது. பெண்கள் வாசலைத் தாண்டக்கூடாது. கடைசிச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அதைத்தான் எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். வேலையில்லாத நாளில் நான் தூக்குச்சட்டியில் சோற்றைக் கொண்டுபோய், உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்புவேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே பீடிப்புகையில் பத்துப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்க, என் சோறு மட்டும் உள்ளே போகும்.

ஒரு மழைக்காலத்தில் யாரோ பீடி நெருப்பை மேசைத் துணியில் போட்டுவிட்டான். இவர் பேசாமல் வீட்டுக்கு வந்து, என் பச்சைக் கம்பளி ஸ்வெட்டரின் முதுகில் இருந்து உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஒட்டிவிட்டார். காலையில் குளிருக்குப் போடப்போனால் முதுகில் ஜன்னல்.

"ஏங்க, மேசைக்குக் குளிருதுன்னா என்னையக் கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"செல்லக்குழிப் பக்கம் பொத்தல் விழுந்துருச்சு மேரி. அங்க பந்து தட்டுனா ஆட்டமே போச்சு" என்றார், ஏதோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோல.

செல்லக்குழியைப் பற்றிச் சொல்லவேண்டும். மேசையின் ஆறு குழிகளில், பின்சுவர்ப் பக்கம் தேயிலை ஃபாக்டரியைப் பார்த்திருந்த மூலைக்குழிதான் அது. பந்தை எங்கே அடித்தாலும் கடைசியில் கொஞ்சம் வளைந்து அதை நோக்கித்தான் போகும். ஊர்க்காரர்கள் எல்லாரும் அதற்குத் தகுந்தபடி தள்ளிக் குறிவைத்து அடிக்கப் பழகியிருந்தார்கள். கட்டப்பனையில் இருந்தும் குமுளியில் இருந்தும் வந்தவர்கள் நேராகக் குறிவைத்து, நேராகத் தோற்றுப்போனார்கள். என் வீட்டுக்காரர் தோற்றதே இல்லை. அவர்களுக்குக் கை பத்தாது என்று வீட்டுக்கு வந்து சொல்வார்.

விஷயம் ஒன்றுமில்லை. மலைச்சரிவில் கட்டிய கொட்டகையின் பின்பக்கம் வருஷா வருஷம் மழையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நிற்கிற எனக்கே தெரிந்தது. என் தூக்குச்சட்டியில் இருந்து சிந்திய ரசம் எப்போதும் பின்சுவரைப் பார்த்துத்தான் ஓடும். ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மேசை சாஞ்சிருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறினார்.

"ஆட்டம் தெரியாதவ பேசக்கூடாது" என்றார்.

போன மழையில் பின்சுவர் வெடித்தது. பஞ்சாயத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கொட்டகையில் ஆள் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாண்டித்துரை முதலாளி காலமாகியிருந்தார். மகனுக்கு மேசையில் அக்கறை இல்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் துபாயில் இருந்து வந்த ஜிஜோ அதே மேசை ஆட்டத்துக்கு ஒரு லவுஞ்ச் திறந்திருந்தான். கண்ணாடிக் கதவு, கலர் லைட்டு, சிவப்பு சோபா, நீலத் துணி போட்ட சின்னச் சின்ன மேசைகள். வாகமண் போகிற டூரிஸ்ட்டுகள் ஷூக்காலோடு உள்ளே போய், ஒரு கையில் கம்பும் ஒரு கையில் உருளைக்கிழங்குச் சிப்ஸுமாக ஆடினார்கள். ஆடியதைவிட அதிகமாகப் போட்டோ எடுத்தார்கள். பெண்பிள்ளைகளும் ஆடினார்கள். என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்து, சாராயக் கடையைப் பார்த்த சாமியார் மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

அந்த ஜிஜோதான் பழைய மேசையை வாங்கிக்கொண்டான். பழைய சாமான் ஒன்று நடுவில் கிடந்தால் டூரிஸ்ட்டுகளுக்குப் பிடிக்குமாம். பழைய துணியையே திரும்பப் போடச் சொன்னான். என் ஸ்வெட்டர் ஒட்டு உட்பட.

"சூசை அண்ணா, நீங்களும் வாங்க. தொறக்கிற அன்னைக்கி எல்லார் முன்னாலயும் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க. ஆளு கூடுச்சுன்னா நீங்கதான் இங்க மார்க்கர்" என்று கூப்பிட்டான். கூட்டம் சேராவிட்டால் மேசையைப் பிரித்துவிடுவேன் என்றும் சொன்னான். மேசைக்கு அடியில் இருக்கும் கல் பலகைகளை, துணி துவைக்கிற கல்லாகப் போட லாட்ஜ்காரர் ஒருவர் அப்போதே கேட்டு வைத்திருந்தார்.

கொச்சியில் இருந்து ஆள் வந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து மேசையை நிறுத்திவிட்டுப் போனான். இவர் இருக்கிற ஒரே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எதிரில் ஆட நிமி நின்றாள். லவுஞ்சில் பில் போடுகிற பிள்ளை. ஊரே கண்ணாடிக்கு வெளியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது.

முதல் பந்தை அவர் எப்போதும்போலத் தள்ளிக் குறிவைத்து அடித்தார். பந்து வளையவில்லை. குழிக்கு ஒரு முழம் தள்ளி மேசை விளிம்பில் முட்டியது. இரண்டாவதும் அப்படியே. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். நிமி பாவம், மெதுவாகத்தான் ஆடினாள், பந்துகள் தானாக உள்ளே போய் விழுந்தன. இவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தார். செருப்பைக் கூடப் போடவில்லை.

"மேசையக் கெடுத்துட்டானுவ மேரி" என்றார் வீட்டில். "நேரா நிறுத்திக் கெடுத்துட்டானுவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பி அடுப்பை ஊதப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் பஜாருக்குப் போகவில்லை. சவரம் செய்யவில்லை. என் அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் வெங்காயம் நறுக்குவதைக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க அந்தக் கொட்டகையைச் சபித்தவள் நான். அது இல்லாமல் போனபிறகு இந்த மனுஷன் எனக்குள் ஒரு பயத்தைக் கிளப்பினார். ஒரு வாரத்தில் பத்து வயசு கூடியது போலிருந்தார். நான் அழுதேன், வெங்காயத்தின் பேரைச் சொல்லி.

மேசையைப் பிரிக்க ஆள் வருகிறது என்று ஜீப் ஓட்டுகிற மாரீஸ்வரன் வந்து சொன்னபோது, நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே லவுஞ்சுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. யாரும் தடுக்கவில்லை.

"ஜிஜோ தம்பி, மேசையக் கொஞ்சம் சாய்ச்சு வையி" என்றேன்.

"என்ன சேச்சி சொல்றீங்க? லெவல் இல்லாத மேசையில யாரு ஆடுவா?"

"ஆடத் தெரிஞ்சவங்கதான் இந்த ஊருல பாதிப்பேரு. அம்புட்டுப் பேரும் ஒன் கண்ணாடிக்கு வெளியிலதான நிக்கிறாங்க?"

அவன் யோசித்தான். துபாய்க்குப் போய் வந்த மண்டை அல்லவா, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. பிரிக்கிறதைத் தள்ளிவைக்கிறேன், செய்து பாருங்கள் என்றான். மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன் மாரீஸ்வரன் ஜீப் ஜாக்கியோடு வந்தான். வந்தவன் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எந்தப் பக்கம் அக்கா தூக்கணும்? கொண்டு வரும்போது திருப்பிப் போட்டுட்டாங்க. செல்லக்குழி எதுன்னு தெரியலயே."

நான் குனிந்து துணியைப் பார்த்தேன். ஒரு மூலைக்குழிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவில், என் ஸ்வெட்டர். கம்பளி தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் வாசலில் நின்றிருக்கிறேன், என் முதுகு மட்டும் உள்ளே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதுதான்" என்றேன். "இதுக்கு எதிர்மூலையத் தூக்கு."

பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை வெட்டிக் கால்களுக்கு அடியில் கொடுத்தோம். ஒரு பந்தை உருட்டி, இன்னொரு பலகை, இன்னொரு பலகை என்று வைத்து, கடைசியில் பந்து வளைந்து வந்து என் ஸ்வெட்டர் மேலேறிக் குழிக்குள் விழுந்தது.

கொட்டகையில் விட்டுவிட்டு வந்த ரேடியோவை ஜிஜோ எடுத்து வைத்திருக்கிறான் என்று சொல்லி அவரைக் கூட்டிப்போனேன். வேண்டா வெறுப்பாக வந்தார். போகிற போக்கில் ஒரு பந்தைக் கையால் தட்டிவிட்டார். அது போன வழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கம்பை எடுத்தார். தள்ளிக் குறிவைத்தார். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

"பாத்தியா மேரி" என்றார், சின்னப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து. "இப்பத்தான் லெவலுக்கு வந்துருக்கு. புது எடம்ல, செட்டாக நாளாகும்."

இப்போது லவுஞ்சில் அந்த மேசைக்குத்தான் கூட்டம். பழைய ஆட்கள் வேட்டியோடு வந்து, வழக்கம் மாறாமல் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். டூரிஸ்ட்டுகள் வரிசையில் நின்று தோற்கிறார்கள். நிமியும் தோற்கிறாள், தோற்றுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். நான் தூக்குச்சட்டியோடு உள்ளே போய்ச் சிவப்பு சோபாவில் உட்காருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்ப் பையன் ஒருவன், வரிசையாகத் தோற்ற எரிச்சலில், செல்போனை மேசைமேல் படுக்கவைத்து அதிலேயே மட்டம் பார்த்தான்.

"அங்கிள், டேபிள் சரிவா இருக்கு" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.

என் வீட்டுக்காரர் முகம் கறுத்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"மேரி, நீயே சொல்லு. மேசை எப்படி இருக்கு?"

ஆட்டம் தெரியாதவளிடம் தீர்ப்புக் கேட்டார், அத்தனை பேர் முன்னால். நான் சோபாவை விட்டு எழுந்து போய், மேசையைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடந்தேன். எதிர்மூலையில், காலுக்கு அடியில் இருந்து பெட்டிப் பலகை ஒன்று லேசாக நீட்டிக்கொண்டிருந்தது. சேலைக்கு அடியில் கால் பெருவிரலால் அதை உள்ளே தள்ளினேன்.

"லெவலாத்தான் இருக்கு" என்றேன். "ஆடுங்க."