அக்காவின் வாக்கு

ஒரு பெரிய கடையின் குழந்தைகள் பிரிவில் மழைக்கோட்டுப் பெட்டிகளைப் பிரித்து மாட்டுவது என் அக்காவின் வேலையாக இருந்தது. எல்லாம் வழவழப்பான பி.வி.சி. பிளாஸ்டிக் கோட்டுகள். பெட்டியைத் திறந்ததும் எழும் நெடியில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தோம். நிர்வாகம் அவளைப் பாத்திரப் பிரிவுக்கு மாற்றியது, கோட்டுகளை மாற்றவில்லை. கோட்டின் கைநுனியைச் சப்பிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பாத்திரப் பிரிவிலிருந்தும் பார்க்க முடிந்தது. அந்தக் கோட்டுகளை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது மட்டுமே அவள் கேட்டது.

ஊழியர்களுக்கு நிறுவனம் சில பங்குகளை அளித்திருந்தது. அதே கோரிக்கையோடு சிறு முதலீட்டாளர் சங்கம் ஒன்று பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தபோது, அக்கா அதை ஆதரித்துப் பேசப் போனாள். விதிமுறைகளைப் படித்துச் சொல்ல நானும் உடன் சென்றேன்.

பக்கத்து இருக்கைப் பெரியவர் சிரித்தார். "நாங்கல்லாம் காபி பிஸ்கட்டுக்கு வர்றோம். நீங்க நெஜமாவே பேச வந்தீங்களாம்மா?"

அக்கா பேசினாள். மேடையிலிருந்த நிறுவனத் தலைவர் இனிமையாகச் சொன்னார்: "எங்க வீட்டுப் பிள்ளைங்களும் அதத்தாம்மா போடுது. பயப்படாதீங்க."

"அப்ப ஒரு பெட்டிய நீங்களே பிரிச்சுப் பாருங்க சார்."

அரங்கம் சிரித்தது. வாக்குச்சீட்டு கேட்டு அவள் மேசைக்குப் போனாள்.

"உங்க ஓட்டு போட்டாச்சும்மா," என்றார் எழுத்தர்.

"நான் இன்னும் போடவே இல்லையே!"

"ஊழியர் பங்கெல்லாம் அறக்கட்டளை பேர்ல இருக்கு. அறங்காவலர்தான் போடுவாரு. எதிரா போட்டிருக்காரு."

அறங்காவலர் மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த நிதி அதிகாரி. தீர்மானம் தோற்றது.

"என் விரல எடுத்தே என் கண்ணக் குத்திட்டாங்கடா," என்றாள் அக்கா பேருந்தில்.

மறு ஆண்டு ஒரு பெரிய ஓய்வூதிய நிதியம், பி.வி.சி.யை நிறுத்தாவிட்டால் நிறுவனத்தில் தான் வைத்திருந்த பங்குகளை விற்றுவிடுவதாக மூடிய அறையில் சொன்னது. உடனே பி.வி.சி. பொருள்களை விலக்குவதாக நிறுவனம் அறிவித்தது. 'ஊழியர் நலன் கருதி' என்றிருந்தது அறிக்கையில். அதை மருத்துவச் சான்றிதழுக்குப் பின்னால் கோத்து வைத்தேன்.

மேற்பார்வையாளர் பாத்திரப் பிரிவுக்கு வந்தார்.

"நீங்கதான எடுக்கணும் எடுக்கணும்னீங்க? வந்து எடுத்துக் குடுங்க."

அக்கா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"இதெல்லாம் எங்க போகுது?"

"நம்ம தள்ளுபடிக் கடைக்கு. இருக்கறது தீரணும்ல?"

அவள் டேப்பை இழுத்துப் பெட்டியை ஒட்டினாள். வீட்டுக்கு வந்ததும், "எடுத்தாச்சுடா," என்றாள். வெகு நேரம் கை கழுவினாள்.