ஆறடிக்கு வயசு பதினேழு

உயரமான பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் கற்றுத்தரும் தொழிலில் பெரிய தொல்லை, அவர்கள் வயசை யாரும் நம்பாததுதான். மீஞ்சூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் பி.டி. மிஸ். கழுத்தில் விசில் மாட்டிய என் இனத்தாரே, இதைப் படித்து நீங்களும் ஒரு பெருமூச்சு விடுங்கள்.

ஓட்டு

எஸ்தர் என் அணியின் சென்டர், கூடைக்கடியில் நின்று ஆடுபவள். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அவள் பதினொன்றாவது படிக்கும்போது தேர்தல் வந்தது. அத்திப்பட்டில் அவள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், "மறக்காம வந்துடுங்கக்கா" என்று இவளைக் கும்பிட்டிருக்கிறார்கள். எனக்கு ஓட்டே இல்லை, பதினொன்றாவதுதான் படிக்கிறேன் என்றிருக்கிறாள். கும்பிட்ட கையை இறக்காமலே ஒருவர் கேட்டாராம்: "இன்னாம்மா, இவ்ளோ வளந்துட்டு இன்னும் பதினொண்ணாவதா? எத்தினி வாட்டி ஃபெயிலு?"

மாம்பழம்

பன்னிரண்டாவது வந்ததும், சம்பளத்துக்கு ஆடும் வெளிமாநில அணி ஒன்றுக்கு ஆள் பிடிக்கும் மேனேஜர் எங்கள் மைதானத்துக்கே வந்துவிட்டார். நம்ம பக்கத்துக்காரர்தான். உடனே கையெழுத்து, அடுத்த வாரமே ஹாஸ்டல், பரீட்சையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஸ்தருக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் பிடிவாதக்காரி. பதினெட்டு முடியட்டும், பரீட்சை முடியட்டும், அதுவரை ஒரு காகிதமும் வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார்: "பழுத்த மாம்பழத்த மரத்துலயே வெச்சுக்குனு இருந்தா அணில்தான் மேடம் தின்னும்."

கல் வைத்துப் பழுக்க வைத்ததைத் தின்றால் யாருக்கு வயிற்றுவலி என்று கேட்டிருக்கலாம். அது வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது.

என் முட்டி

எஸ்தரை உட்காரவைத்து என் கதையைச் சொன்னேன். பதினாறு வயசில் நானும் இப்படித்தான் ஓர் அணிக்குப் போனேன். வளர்கிற எலும்பு, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று. வலிக்கிறது என்று சொல்லப் பயம், சொன்னால் வெளியே உட்காரவைப்பார்கள். பத்தொன்பதில் இடது முட்டி போனது. அணியும் என்னைக் கைவிட்டது, ஏன் என்று கேட்க நாதியில்லை. விட்ட படிப்பைப் பிடித்து இந்த விசிலை வாங்க ஏழு வருஷம் ஆனது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது: "உங்க முட்டி போச்சுன்னா எல்லார் முட்டியும் பூடுமா மிஸ்?"

கம்பெனி கேட்

பதினெட்டு ஆகாததால் அம்மா கையெழுத்து வேண்டும். அம்மா மேரியக்காவுக்கு கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் போல்ட் முடுக்கும் வேலை. மதிய இடைவேளைக்கு மேனேஜர் எஸ்தரைக் காரில் ஏற்றினார். விடுவேனா? நானும் ஏறிக்கொண்டேன். எஸ்தர் வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்து, கேட்டில் செக்யூரிட்டி அவள் ஆதாரை வாங்கிப் பார்த்தார். "பதினெட்டு ஆவல, உள்ள உட முடியாதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஹெல்மெட்டோடு வெளியே வந்த மேரியக்கா காதில் அது விழுந்தது. நீட்டிய காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பேனாவை மட்டும் வாங்கவில்லை. "சார், போல்ட் முடுக்கவே பதினெட்டு ஆவணும்ன்றாங்க. எம்பொண்ணு முட்டியத் தேய்க்க பதினேழு போதுமா?"

கையெழுத்து

எஸ்தர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பயிற்சிக்கு மட்டும் ஒருநாளும் தவறவில்லை. பந்தை என் பக்கம் எறியும் வேகத்தில் கோபம் முழுதும் தெரிந்தது. பரீட்சை எழுதினாள், பாஸானாள். பதினெட்டு முடிந்த வாரம் வேறோர் அணியின் ஒப்பந்தத்தோடு வந்து நின்றாள். படித்துப் பார்க்கலாமென்று கண்ணாடியைத் தேடினேன்.

"இருக்கட்டும் மிஸ், நானே ரெண்டு வாட்டி படிச்சுட்டேன். முட்டிக்கு எதுனா ஆச்சுன்னா வைத்தியச் செலவு அவுங்களுதுன்னு அதுல இல்ல. எழுதுனாத்தான் கையெழுத்துன்னு சொல்லி எழுத வெச்சேன்."

எந்த வயசில் இவர்களைச் சம்பளத்துக்கு ஆட அனுப்பலாம் என்று கேட்கும் சக விசில்காரர்களே, தன் முட்டிக்குத் தானே பேரம் பேசத் தெரிந்த வயசில் அனுப்புங்கள். அதுவரை பிள்ளைகள் உங்களோடு பேசமாட்டார்கள், ஆனால் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள்.